மலை மேல் ஒரு ஜீப்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் விஷயத்தில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட டாக்டரம்மா அவர்களே, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கும் ஊர்க்கவுண்டர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக மாம்பழக் கூடை கொடுத்த வரவேற்புக் குழுவினரே, மைக் செட் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். இன்னும் பட்டியல் இருக்கிறது. பாதியில் நிறுத்துகிறேன், மன்னிக்க வேண்டும்.

பல நாடுகளில் மருத்துவ வசதி என்பது தலைப்பு. காசு, தூரம், மரியாதை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில் காசு. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அன்றைய சுகாதார அமைச்சர் அனூரின் பெவன். டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம். தாய்லாந்தில் 2002இல், ஒரு தடவை வைத்தியத்துக்கு அந்த ஊர்ப் பணம் முப்பது பாட் மட்டும் கட்டும் திட்டம் நாடு முழுவதும் வந்தது. நமக்கும் 2008இல் 108 வந்தது, 2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. எல்லாம் சரி. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே! பிரிட்டனில் பல ஊர்களில் காலை எட்டு மணிக்கே போன் போட்டுக் காத்துக் கிடந்தால்தான் அன்றைக்கு டாக்டர் கிடைப்பார். கனடாவிலும் டாக்டருக்குக் காசு இல்லை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஊர்ப் பூசாரிக்குப் பெயர் வெயிட்டிங் லிஸ்ட்.

அடுத்தது தூரம். இதில் ஆஸ்திரேலியாக்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்நாட்டுப் பாலைவனத்தில் ஆட்டுப் பண்ணைக்கும் ஆட்டுப் பண்ணைக்கும் நடுவே நூறு மைல். ஜான் பிளின் என்ற பாதிரியார், டாக்டரை விமானத்தில் ஏற்றி அனுப்பலாமே என்றார். 1928 மே மாதம் குளோன்கரி என்ற சிற்றூரிலிருந்து முதல் விமானம் கிளம்பியது. சரி, விமானத்தைக் கூப்பிடுவது எப்படி? கரண்ட் ஏது, போன் ஏது? ஆல்பிரட் டிரேகர் என்பவர் சைக்கிள் மாதிரி மிதித்தால் ஓடும் ரேடியோ செய்து கொடுத்தார். வீட்டம்மா மிதித்துக்கொண்டே தந்திக் குறியீட்டில் செய்தி அனுப்புவார்.

அப்புறம் 1942இல் பண்ணைதோறும் ஒரு மருந்துப் பெட்டி வைத்தார்கள். மருந்துக்கெல்லாம் நம்பர். டாக்டர் ரேடியோவில் நம்பரைச் சொன்னால் போதும். ஒரு கதை சொல்வார்கள். "உன் வீட்டுக்காரருக்கு ஒன்பதாம் நம்பர் கொடும்மா" என்றாராம் டாக்டர். மறுநாள், "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "நல்லா இருக்காரு டாக்டர். ஒன்பது தீர்ந்துபோச்சு, அதனால நாலுல ஒண்ணும் அஞ்சுல ஒண்ணும் கொடுத்தேன்!" (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். அந்த அம்மாள் கையில் ஒரு பெட்டியாவது இருந்தது, ஐயா.

நம் சேர்வராயன் மலைக்கு வாருங்கள். நாங்கள் விமானம் கேட்கவில்லை. தார் ரோடு முடிகிற இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிடும். அதற்கு மேல் மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, இரண்டு பக்கமும் தோள் கொடுத்துப் பிரசவ வலிக்காரியைத் தூக்கி வர வேண்டும், அதுவும் மழையில், அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க. சேலம் பெரியாஸ்பத்திரியில் எல்லா வசதியும் உண்டு. அங்கே போய்ச் சேர வேண்டுமே! சாமி வரம் கொடுத்தாயிற்று. இங்கே பூசாரி அந்த மண் பாதைதான்.

ஆகவே கேட்பது ஒன்றே ஒன்று. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று, படுக்கையும் ஆக்சிஜனும் வைத்து, ராத்திரியில் மலையிலேயே நிற்கட்டும். ஓட்டுநர் மலைக்காரப் பையனாக இருக்கட்டும். எந்தப் பள்ளம் எந்த மழைக்கு நிரம்பும் என்று அவனுக்குத்தான் தெரியும். மலையில் ஜீப் நிறுத்தினால் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். ஏற்காட்டுப் பூங்காவுக்குச் செலவு ஆகவில்லையா?

மரியாதை பற்றிப் பேச வேண்டியது பாக்கி. நேரம் முடிந்தது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மரியாதையைப் பற்றி டாக்டரம்மா என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். பெயரோடு ஊரையும் எழுதுங்கள். கையெழுத்துப் போட வராதவர்களுக்கு மை டப்பா வைத்திருக்கிறோம். மேலே போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் போடட்டும். மற்றவர்கள் கொஞ்சம் வழி விடுங்கள்.