கூறு மீனுக்கும் பேர் உண்டு

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் சீலா மீனைப் பற்றியா என்றுதான் கேட்டார்கள். சென்னைப் பக்கம் வஞ்சிரம் என்கிறார்களே, அதுதான் எங்கள் தூத்துக்குடியில் சீலா. இல்லை, சீலாவுக்கும் வாவலுக்கும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கூறு மீனைப் பற்றி. சந்தையில் ஒரு சாக்கை விரித்து, சின்னச் சின்னக் குவியலாகக் கூறு போட்டு வைத்திருப்பார்களே, கரையை ஒட்டிப் பிடித்த பொடி மீன், அது.

அந்தக் கூறு முன்னால் நின்று "இது என்ன மீன்?" என்று கேட்டால், விற்கிற அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வார். இது கிழங்கான், இது காரல், இது நகரை, இது கீச்சான், இது ஓரா. வாங்குகிற நாம்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் "பொடி மீன்" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: அந்தக் கூறில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் இருக்கிறது, ஒரு முகம் இருக்கிறது, அடுப்பில் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. முகம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுவிட்டு, முள்ளாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்று மீனைக் குறை சொல்வதில் எனக்கு ரொம்ப வருத்தம்.

முதலில் கிழங்கான். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். மாசி மாதம், வாடைக்காற்று அடங்கி, கடல் குளம் மாதிரிக் கிடக்கிற நாட்கள். என் தாய்மாமாவும் அவருடைய கூட்டாளியும் இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சின்ன வலையைக் கரைக்கு இழுத்து வருவார்கள். நான் வலைக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில் சும்மா நடந்து வருவேன். அப்படி வரும்போது என் உள்ளங்காலுக்குக் கீழே மணல் நெளிந்தது. ஒரு விரல், மணலுக்குள்ளே இருந்து பாதத்தைத் தள்ளுகிற மாதிரி. நான் கத்திக்கொண்டு காலை எடுக்கப் போக, மாமா அங்கிருந்தே, "மருமவனே, காலை எடுத்துராதல, அப்படியே நில்லு" என்றார். வலையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, குனிந்து, என் காலைச் சுற்றிக் கையால் துழாவி, பாதத்துக்கு அடியில் விரலை நுழைத்து இழுத்தார். ஒரு சாண் நீளம், ஈர மணலின் நிறத்தில் முதுகு, வெள்ளி வயிறு, ஊசி மாதிரி மூக்கு. வலை வருவது தெரிந்தால் கிழங்கான் மணலுக்குள் பாய்ந்து புதைந்துகொள்ளும், வலை மேலே ஏறிப் போய்விடும். கிழங்கு மாதிரி மண்ணுக்குள் இருப்பதால்தான் அந்தப் பேர் என்பார் மாமா. பெயருக்குக் காரணம் அவர் சொன்னதுதான், ஆனால் காலுக்கடியில் ஒரு தடவை உணர்ந்துவிட்டால் வேறு காரணம் கேட்கத் தோன்றாது. அன்றைக்கு அப்படி ஏழு மீன் காலாலேயே பிடித்தோம். வலையில் விழுந்ததைவிட அது கூட!

இந்தக் கிழங்கானுக்கு அறிவியல் பெயர் சில்லாகோ சிஹாமா. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கிற முறையை வகுத்தவர் லின்னேயஸ். அவருடைய மாணவர் ஒருவர், ஃபோர்ஸ்கால் என்று பேர், செங்கடல் பக்கம் போய் மீன்களைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். 1763-ல் ஏமனில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டார், முப்பத்தொரு வயதுதான். உடன் போனவர் ஊர் திரும்பி அந்தக் குறிப்புகளை 1775-ல் அச்சில் கொண்டுவந்தார். அதில் கிழங்கானும் இருக்கிறது, நம் கீச்சானும் இருக்கிறது. செங்கடல் கரையில் அந்த மனிதர் பார்த்த இரண்டு மீனும் இன்றைக்குக் காலையில் தூத்துக்குடியில் ஒரே கூறில் கிடக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, சந்தைக்கு வருவோம். கிழங்கானை அடையாளம் காண, உருண்டு நீண்ட உடம்பைப் பாருங்கள், வாயைப் பாருங்கள். வாய் ரொம்பச் சின்னது. மணலில் புழுவும் சின்ன இறாலும் பொறுக்கித் தின்கிற வாய். தூண்டில் போடுகிறவர்கள் இதனால்தான் இந்த மீனுக்குச் சின்ன முள்ளாகக் கட்டுவார்கள், பெரிய முள் கட்டினால் இரை மட்டும் போகும். இன்னொரு மீன் இருக்கிறது, தண்ணிப்பண்ணா. அதுவும் உருண்டு நீளமாக இருக்கும், அதுவும் மண் நிறம்தான். ஆனால் வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்து போகும், வாய் முழுக்க ஊசிப் பல். கெட்ட மீன் இல்லை, கருவாட்டுக்கு நன்றாக இருக்கும், பச்சையாகச் சமைத்தால் சதை நீர்த்துக் குழைந்துவிடும். எனக்கு ஒரு தடவை வெளியூர்ச் சந்தை ஒன்றில் தலை வெட்டிச் சுத்தம் செய்து வைத்த கிழங்கான் என்று கொடுத்தார்கள், வீட்டில் கல்லில் போட்டதும் தண்ணீராக விட்டது, பார்த்தால் தண்ணிப்பண்ணா. தலை இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம், முதுகைத் தடவுங்கள். கிழங்கானுக்கு முதுகில் இரண்டு துடுப்பு, பின்னால் இருப்பது நீளமாக வால் பக்கம் வரை ஓடும். தண்ணிப்பண்ணாவுக்கு நடு முதுகில் ஒரே ஒரு கட்டையான துடுப்பு, அதற்குப் பின்னால் வெறும் முதுகு, வால் பக்கத்தில் ஒரு சின்னச் சதைக் கொழுந்து மட்டும் நிற்கும். மறுபடியும் சொல்கிறேன், தலை இருந்தால் வாயைப் பாருங்கள், தலை இல்லாவிட்டால் முதுகைத் தடவுங்கள்.

சமையல் எளிது. செதில் சின்னது, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சீவினால் வந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவு போதும். இந்த மீனுக்கு இஞ்சி பூண்டு விழுது வேண்டாம், மைதா வேண்டவே வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய் சுட்ட பிறகு போட்டு, ஓரம் பொன்னிறமாகும் வரை தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும். வெந்ததும் நடுமுள்ளைத் தலையோடு பிடித்துத் தூக்கினால் மொத்தமாகக் கழன்று வரும். மீனே சாப்பிடாத குழந்தைக்கு முதல் மீன் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது கிழங்கான்.

அடுத்தது காரல். சென்னையில் காரப்பொடி என்பார்கள். தட்டையாக, வெள்ளிக் காசு மாதிரி மின்னும், மேலே வழுவழுவென்று கோழை. இதன் உதட்டை மெல்லப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வாய் குழாய் மாதிரி நீண்டு வெளியே வரும், விட்டால் உள்ளே போய்விடும். பிள்ளைகளிடம் காட்டினால் மறக்கவே மாட்டார்கள். இன்னொரு ஆச்சரியம், காரலின் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிவிடுகிற பாக்டீரியா குடியிருக்கிறது. அந்த வெளிச்சம் வெள்ளி வயிற்றுக்குள் பட்டு வெளியே கசியும். இத்தனை வேலைப்பாடு உள்ள மீனைத்தான் நாம் கோழைக்குப் பயந்து ஒதுக்குகிறோம். கல்லுப்பு போட்டுத் தேய்த்து இரண்டு தடவை அலசினால் கோழை போயிற்று. முள் அதிகம், உண்மைதான். அதனால் இதை வறுத்து மெல்ல நினைக்காமல், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பால் சேர்த்துத் தண்ணியாகச் சொதி வையுங்கள். சாறு எல்லாம் குழம்பில் இறங்கிவிடும், அந்தச் சொதிக்கே சோறு இரண்டு தட்டு போகும்.

கீச்சானைப் பார்த்ததும் தெரிந்துவிடும், முதுகில் வில் மாதிரி வளைந்த கறுப்புக் கோடுகள். தூண்டிலில் இருந்து கழற்றும்போது கீச்சு கீச்சென்று சத்தம் போடும், பேர் வந்ததும் அதனால்தான். செவுள் மூடியில் ஒரு கூர்முள் இருக்கிறது, வெறுங்கையால் பிடித்தால் கிழித்துவிடும், துணி போட்டுப் பிடியுங்கள். குழம்புக்கு நல்ல மீன்.

ஓராவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கவனம் தேவை. முயல் மாதிரிச் சின்ன வாய், பாசியும் கடல்புல்லும் மேய்கிற மீன். முதுகில் பதின்மூன்று முள், வயிற்றுப் பக்கமும் முள், எல்லாவற்றிலும் விஷம் உண்டு. என் மனைவி சுத்தம் செய்யும்போது ஒரு தடவை கட்டைவிரலில் ஏறிவிட்டது. கை முழங்கை வரை விண்விண் என்று தெறித்தது, பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்து, தாங்குகிற அளவுக்குச் சுடுதண்ணீரில் கையை முக்கி வைக்கச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் வலி நன்றாக இறங்கிவிட்டது. அந்த விஷம் சூட்டில் முறிந்துபோகிற புரதம், அதனால்தான் அந்த வைத்தியம் பலிக்கிறது. ஆனால் தோல் வெந்துவிடுகிற சூடு வேண்டாம். வலி நிற்காவிட்டாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். முள்ளை முதலிலேயே கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்துவிட்டு, குடலை உடனே எடுத்துவிட வேண்டும், பாசி தின்ற குடல், நேரமானால் சதையில் வாடை ஏறும். ஓரா நாறும் என்று சொல்கிறவர்கள் தாமதமாகச் சுத்தம் செய்த ஓராவைத் தின்றவர்கள். யாழ்ப்பாணத்தார் இந்த மீனுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

கவனம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். கூறில் எப்போதாவது, செதில் இல்லாமல், கிளிமூக்கு மாதிரிப் பல்லோடு, வயிறு சொரசொரப்பாக ஒரு குண்டு மீன் கலந்து வரும். உயிரோடு இருந்தால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும். அது பேத்தை. ஈரலிலும் சினையிலும் தோலிலும் கொடிய விஷம் இருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. தூக்கி எறியுங்கள், பூனை நாய்க்கும் போடாதீர்கள். பேத்தை வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

மீன் புதியதா என்று பார்ப்பதிலும் பொடி மீனுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். பொடி மீன் முதலில் வயிற்றில்தான் கெடும். விரலால் வயிற்றை அமுக்குங்கள், திரும்பி எழும்பினால் நல்ல மீன், பள்ளமாக நின்றாலோ வயிறு வெடித்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

எந்தக் காலத்தில் வாங்குவது என்று கேட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற அந்த 61 நாட்களைத்தான் சொல்வேன். மீனே கிடைக்காது என்று பலர் அந்த மாதங்களில் சந்தைப் பக்கமே போவதில்லை. ஆனால் நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் அந்தத் தடை கிடையாது. காலையில் போய் மதியத்துக்குள் கரை திரும்புகிற வள்ளத்து மீன், பனிக்கட்டியில் நாள் கணக்கில் கிடக்காத மீன், அப்போதுதான் நம் கண்ணுக்குப் படும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு. கிழங்கானும் காரலும் முழு வளர்ச்சியிலேயே சின்னதுதான், தாராளமாக வாங்கலாம். கூறில் விரல் நீளக் கொடுவாயும் பாறைக் குஞ்சும் கிடந்தால் அதை வாங்காதீர்கள், அது பெரிதாகி முட்டை போட வேண்டிய மீன்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். நகரையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். தாடையின் கீழ் இரண்டு மீசை தொங்கும் சிவப்பு மீன், சதை மெத்தென்று இருக்கும், குழம்பில் கடைசியில் போட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். கருவாட்டுக்கு நேரமில்லை. முரல் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனால் நல்ல மீனைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். மேலும் கீழும் நீண்ட ஊசி மூக்கு உள்ள முரலை வெட்டினால் எலும்பு பச்சையாக இருக்கும், வெந்த பிறகும் பச்சைதான். கெட்டுப்போனதும் இல்லை, மருந்து கலந்ததும் இல்லை, அந்த எலும்பின் இயல்பான நிறமி அது. துண்டு போட்டு, மிளகு தூக்கலாக வைத்து வறுத்துச் சாப்பிடுங்கள். வணக்கம்.