கேரியர் வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிளில் நாள்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது எந்த சைக்கிள் வாங்கலாம் என்றுதான், பின்னால் மாட்டும் கேரியரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூட்டை முழுக்க உட்காரப்போவது அதன்மேல்தானே!

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இறங்கும்போது பின்னால் டக்டக்கென்று சத்தம், நிறுத்திக் குனிந்து பார்த்தால் கேரியரின் வலது கால் ஃபிரேமோடு சேருகிற இடத்தில் போல்ட்டுக்குத் தலையே இல்லை, முறிந்த துண்டு மரைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, பை ஸ்போக்ஸைத் தொட ஒரு விரல் இடைவெளிதான் பாக்கி. கயிற்றால் கட்டி, அடிவாரம் வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

கேரியருக்கு ஒரு கீறல்கூட இல்லை. போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை, கேரியர் காலும் ஃபிரேமும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு பாரத்தைத் தாங்கும். கொஞ்சம் தளர்ந்தால் போதும், ஒவ்வொரு குழிக்கும் போல்ட் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் முறிந்துவிடும். அதனால் வாங்கப் போகும்போது முதலில் உங்கள் ஃபிரேமைப் பாருங்கள், பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் மரை போட்ட துளை இருக்கிறதா என்று. டிஸ்க் பிரேக் என்றால் கேரியரின் கால் அதில் இடிக்காமல் இறங்க வேண்டும். சீட் போஸ்ட்டை மட்டும் கவ்விக்கொள்ளும் கேரியர் டிபன் பாக்ஸுக்குப் போதும், நீண்ட பயணத்துக்கு வேண்டாம், பாரம் ஏறினால் பக்கவாட்டில் ஆடும்.

அலுமினியமா, இரும்பா? என் ஓட்டு இரும்புக்கே. அலுமினியம் எடை குறைவு, துருவும் பிடிக்காது, சரி. ஆனால் வழியில் உடைந்தால் கிரில் கேட் செய்கிற சாதாரணப் பட்டறையில் இரும்பைத்தான் ஒட்டித் தருவார்கள்.

அப்புறம், பையை மாட்டி, நீங்கள் போடும் செருப்போடு உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். குதிகால் பையில் உரசினால் அந்தக் கேரியர் உங்களுக்கு இல்லை, அல்லது பையைப் பின்னால் தள்ளி மாட்ட இடமுள்ளதாகப் பாருங்கள். பையை இன்னும் கீழே மாட்டத் தனிக் கம்பி இருந்தால் ரொம்ப நல்லது, இறக்கத்தில் வண்டி அலையாது. கேரியரில் 25 கிலோ என்று போட்டிருந்தால் அதன்மேல் ஏற்றும் தண்ணீர் பாட்டிலும் அந்தக் கணக்கில்தான்.

இப்போதெல்லாம் காலையில் கிளம்பும் முன் ஆலன் கீயால் நான்கு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறேன். அதே அளவில் இரண்டு போல்ட், ஃபிரேமிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.