பைக் சத்தத்துக்கு மெரண்ட மாடு

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்ங்க. நான் கால்நடை டாக்டரா பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் ரொம்ப வருஷம் கொட்டாய் கொட்டாயா சுத்தினவன், இப்ப ரிட்டையர் ஆயிட்டேன். மாடும் மனுசனும் எப்படி ஒரு விஷயத்த கத்துக்கறாங்கன்னு பேசச் சொல்லி கூப்ட்டாங்க, எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு ஜெர்சி கிராஸ் மாடுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. அந்த மாட்டுக்கு மடிநோய், அஞ்சு நாள் தொடர்ந்து போயி ஊசி போட்டேன், நோய் நல்லாயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் என் பைக் சத்தம் ரோட்ல கேட்டாலே மாடு கயித்த இழுத்துக்கிட்டு சாணி போட ஆரம்பிச்சிடும். அந்த வீட்டு அண்ணன் ஒருநாள் சங்கடப்பட்டுக்கிட்டே சொன்னாரு, "சார், உங்க வண்டி இந்தப் பக்கமா போச்சுன்னா அன்னிக்கு சாயங்காலம் பால் கொறையுது சார், சொசைட்டிக்கு ஊத்த முடியல"ன்னு. இன்னொண்ணும் பாத்தேன். அவர் பொண்ணு, நாலு வயசு, அதுக்கு நான் ஊசியே போட்டதில்ல, தொட்டதுகூட இல்ல, ஆனா வண்டி சத்தம் கேட்டா ராகி மூட்டைக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கும். ராத்திரி தூக்கம் வரலங்க எனக்கு. நோயத் தீர்க்கப் போனவன் ரெண்டு உயிருக்கு பயத்த கத்துக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒரு விஞ்ஞானி, செரிமானத்தப் பத்தி செஞ்ச ஆராய்ச்சிக்காக 1904-ல நோபல் பரிசு வாங்கினவர். நாய்க்கு எச்சில் எப்படி ஊறுதுன்னு அளந்துக்கிட்டு இருந்தப்ப, சாப்பாடு வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே, சாப்பாடு எடுத்துட்டு வர்ற ஆளப் பாத்ததுமே நாய்க்கு எச்சில் ஊறறத கவனிச்சாரு. அப்புறம் டிக் டிக்குன்னு தாளம் போடற மெட்ரோநோம் சத்தத்த கேக்க வெச்சு உடனே சாப்பாடு குடுத்தாரு, பல தடவ செஞ்சதும் வெறும் சத்தத்துக்கே எச்சில் வந்துச்சு. என் கதையில சத்தம் என் பைக், அதுக்குப் பின்னாடி வந்தது ஊசி, அவ்வளவுதான்.

நம்ம வீட்ல தினமும் இது நடக்குதுங்க. பால் கறக்க குண்டான் எடுக்கற சத்தம் கேட்டதுமே, மடிய கழுவறப்பவே, மாட்டுக்கு ஆக்ஸிடோசின்ங்கற ஹார்மோன் சுரந்து பால் காம்புக்கு எறங்குது. பயந்தா அட்ரினலின் வந்து அத தடுத்திடும், மாடு பால ஒளிச்சுக்குதுன்னு நாம சொல்றது இதத்தான். அது வேணும்னு செய்யறதில்லைங்க, அதுக்காக அடிக்கறவங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியும், அடிச்சா நாளைக்கு குண்டான் சத்தமே அடிக்கு முன்னாடி வர்ற சத்தமா மாறிடும்.

அந்தப் பொண்ணு கத நான் ரொம்ப நாள் யோசிச்சது. வலி மாட்டுக்கு, பயம் எப்படி குழந்தைக்கு வந்துச்சு? அமெரிக்காவுல சூசன் மினேக்கான்னு ஒரு அம்மா, கூட வேலை செஞ்சவங்களோட சேந்து குரங்குங்கள வெச்சு 1980-கள்ல பாத்தாங்க. ஆய்வுக்கூடத்துலயே வளந்த குரங்குக்கு பாம்பப் பாத்தா பயமே இல்ல, ஆனா காட்டுல பொறந்த குரங்கு பாம்பப் பாத்து அலர்றத ஒருதடவ பக்கத்துல இருந்து பாக்க விட்டா இதுவும் பயப்பட ஆரம்பிச்சிடுச்சு. வீடியோவுல பாத்தாலும் கத்துக்கிச்சு. ஆனா அதே வீடியோவ ஒட்டி வெட்டி, குரங்கு பூவப் பாத்து பயப்படற மாதிரி காட்டினா கத்துக்கல. எதுக்கு வேணா பயத்த ஒட்டிட முடியாது போல, எனக்கு இது இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கு.

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கத்து ஜனங்களுக்கு யானையப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. ராகி அறுப்பு நேரத்துல பட்டாசு வெடிப்பாங்க, தகரம் தட்டுவாங்க, மொதல்ல ஓடும், சத்தத்துக்கு அப்புறம் ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சதும் நின்னு சாப்பிடும். பத்து நாள் வெரட்டி ஒருநாள் விட்டாலும் போதும், அந்த ஒருநாள் ராகி ருசிதான் அதுக்குப் பாடம். கென்யாவுல அம்போசெலியில யானைங்கள பல வருஷம் கூடவே இருந்து கவனிச்சவங்க, வயல்ல மேயற பெரிய ஆண் யானைகளோட பழகற சின்ன ஆண் யானைங்களும் வயலுக்குப் போற வாய்ப்பு அதிகம்னு பாத்திருக்காங்க. ராத்திரியெல்லாம் பரண் மேல கண்ணு முழிக்கறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும், யானை மேல கோவப்படவும் எனக்கு மனசு வரல.

எப்பவாவது ஒருதடவ கெடைக்கறதுக்கு அவ்வளவு பலம். ஸ்கின்னர்னு ஒருத்தர் புறாவ வெச்சு காட்டினாரு, கொத்தற ஒவ்வொரு தடவையும் தீனி கெடைக்கற புறா தீனி நின்னதும் சீக்கிரம் விட்டுடும், எப்பவாவது கெடைச்ச புறா விடாம கொத்திக்கிட்டே இருக்கும். புள்ள செல்போனுக்கு அழும்போது மூணு நாள் குடுக்காம நாலாவது நாள் சத்தம் தாங்காம குடுக்கறோம் பாருங்க, அன்னிக்கு அது கத்துக்கறது இன்னும் கொஞ்ச நேரம் அழுதா கெடைக்கும்னுதான். அம்மாமார தப்பு சொல்லலங்க, நாள் பூரா வேலை செஞ்சு வந்தவங்களுக்கு அந்த நேரத்துல வேற என்ன தோணும்.

சரி, அந்த மாட்டுக்கு வர்றேன். 1924-ல மேரி கவர் ஜோன்ஸ்ங்கற அம்மா, முயலப் பாத்தா நடுங்கற பீட்டர்னு ஒரு சின்னப் பையனுக்கு, அவன் பிடிச்சத சாப்பிடும்போது முயல தூரத்துல வெச்சு, நாளாக நாளாக கிட்ட கொண்டு வந்து பயத்தப் போக்கினாங்க, பயப்படாத புள்ளைங்களயும் அவன்கூட இருக்க வெச்சாங்க. அதப் படிச்ச ஞாபகத்துல நானும் ஊசி இல்லாம போக ஆரம்பிச்சேன். மொதல்ல வண்டிய புளியமரத்துக்கிட்டயே நிறுத்திட்டு நிப்பேன், அண்ணன் அப்ப கடலப் புண்ணாக்கு வெப்பாரு. அடுத்தடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்ட. நடுவுல ஒரு வாரம் போக முடியல, திரும்பப் போனப்ப மறுபடியும் மெரண்டுச்சு, பயம் அழிஞ்சு போகல, அடியில இருந்திருக்கு, நான் மறுபடி புளியமரத்துக்கே போனேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கடைசியில என் கையிலயே புண்ணாக்கு தின்னுச்சு, நெத்திய தடவ விட்டுச்சு.

பொண்ணுக்கு நான் தனியா எதுவும் செய்யல. மூட்டைக்குப் பின்னாடி இருந்து எட்டிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, மாடு என் கைய நக்கறத நாலஞ்சு தடவ பாத்திருக்கும். ஒருநாள் வண்டிய நிறுத்தறேன், ரெண்டு கையிலயும் புண்ணாக்கு அள்ளிக்கிட்டு வாசல்ல நிக்குது, "டாக்டரு, இன்னிக்கு நான் ஊட்டறேன்"னு சொல்லுச்சு.