கதவு பூட்டியிருக்கு, கேமரா ஓடுது... சைக்கிள் மட்டும் காணோம்!

[திரையில்: ஒரு இரும்பு வளைவு. அதுல பூட்டின முன்சக்கரம் மட்டும் ஒத்தையா நிக்குது.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பூட்டு உடையல. ஸ்டாண்டு அசையல. முன்சக்கரம் சொகுசா சாஞ்சு நிக்குது. மிச்ச சைக்கிளைத்தான் காணோம்.

அந்தச் சக்கரத்தோட அச்சுல குயிக் ரிலீஸ்னு ஒரு குட்டிக் கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பி, நாலு சுத்து தளர்த்தினா சக்கரம் கையோட வந்துடும். கருவி எதுவும் வேணாம். சக்கரம் உங்களுக்கு, சைக்கிள் திருடனுக்கு. ஊர் பெரியவங்க உட்கார்ந்து பேசியிருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் பாகம் பிரிஞ்சிருக்காது.

வணக்கம் மக்களே! பிரிட்டன்ல பல்கலைக்கழக விடுதிகள்ல சைக்கிளை எங்க நிறுத்துறாங்க, அது ஏன் காணாமப் போகுது, காணாமப் போகாம இருக்க அந்த இடத்தை எப்படிக் கட்டணும்னு இன்னைக்குப் பார்க்கப்போறோம். செப்டம்பர்ல கிளம்புற தம்பி, தங்கச்சி யாராவது இருந்தா முதல்ல அவங்களுக்கு இதை அனுப்பிட்டு வாங்க. வெயிட் பண்றேன்.

[திரையில்: லண்டன் வரைபடம், பக்கத்துல ஒரு கால்குலேட்டர்.]

விதிகளை ஒரே மூச்சுல முடிச்சிடுறேன். 2021-ல வந்த லண்டன் பிளான்ங்கிற நகர்த் திட்ட விதித் தொகுப்பு, மாணவர் விடுதியில நாலு ரூமுக்கு மூணு சைக்கிள் இடம் கேட்குது. 300 ரூம்னா 225. வந்து போறவங்களுக்கு 40 ரூமுக்கு ஒண்ணு, அதாவது இன்னொரு எட்டு. மூணு சக்கர வண்டி, மாற்றுத்திறனாளிகள் ஓட்டுற வண்டி, சாமான் ஏத்துற கார்கோ சைக்கிள், இதுக்கெல்லாம் நூத்துல அஞ்சு இடம் விடச் சொல்லுது 2020-ல வந்த எல்.டி.என் 1/20ங்கிற அரசு வழிகாட்டி. 225-க்கு அது 12. கேம்பிரிட்ஜ்ல இளங்கலை மாணவர் கார் வச்சிக்கணும்னா பல்கலைக்கழகத்துலயே அனுமதி வாங்கணும், அதைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு அதிகாரி இருக்காரு. அதனால அந்த ஊர்ல சைக்கிள்தான் ராஜா. விதி அவ்வளவுதான்.

இப்போ கட்டுறவர் கையில 225-னு ஒரு நம்பர் இருக்கு. அதைத் தரையில எப்படி அடைக்கிறார்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

[திரையில்: தலைகீழ் ப வடிவ இரும்புக் குழாய். அளவுகள் ஒவ்வொண்ணா தோணுது.]

இவர்தான் நம்ம ஹீரோ. பேரு ஷெஃபீல்டு ஸ்டாண்டு. ஷெஃபீல்டு ஊர்ல 1980-கள்ல மிச்சம் கிடந்த கேஸ் குழாயை வளைச்சு நட்டதுல பிறந்ததுன்னு சொல்லுவாங்க. பார்க்க ஒண்ணுமே இல்ல. உயரம் 75 சென்டிமீட்டர், நீளம் 70-ல இருந்து 100, குழாய் கிட்டத்தட்ட அஞ்சு சென்டிமீட்டர் தடிமன். ஆனா இதுக்கு முன்னாடி இருந்த வில்லனைப் பார்த்தாத்தான் இதோட அருமை தெரியும்.

தரையில சின்னச் சின்னக் கம்பிக் கவ்வி வரிசையா இருக்கும், முன்சக்கரத்தை மட்டும் சொருகி வைக்கிறது. பிரிட்டன்ல இதுக்குச் செல்லப் பேரே சக்கரம் வளைக்கிறவன். மொத்த வண்டியோட எடையும் ஒத்தச் சக்கரத்துல தொங்குது. யாராவது பக்கத்து வண்டியை எடுக்கிறப்போ இடிச்சா உங்க ரிம் எட்டு போட்டுடும். அதைவிடக் கொடுமை, பூட்டு எட்டுற ஒரே இடம் முன்சக்கரம்தான். முதல் காட்சியில பார்த்த பாகப்பிரிவினைக்கு இதுதான் மூலப்பத்திரம்!

ஷெஃபீல்டு ஸ்டாண்டுல வண்டி ரெண்டு இடத்துல சாயும், ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள் நிக்கும். ஆனா ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர் விடணும். இங்கதான் கஞ்சத்தனம் உள்ள வருது. 60 சென்டிமீட்டர்ல நட்டா காகிதத்துல எண்ணிக்கை கூடிடும். ஹேண்டில்பார் அகலமே 60-ல இருந்து 70 இருக்கே! ரெண்டு வண்டி எதிரும் புதிருமா கொம்பு மாட்டிக்கிட்ட ஆடு மாதிரி நிக்கும், அப்புறம் ஒரு ஸ்டாண்டுக்கு ஒரு வண்டின்னு ஆயிடும். காசு கொடுத்து இடத்தைப் பாதியாக்குற வித்தை இது. சுவரை ஒட்டி நட்டாலும் இதே கதைதான். சுவர்ப் பக்கம் 60 சென்டிமீட்டராவது இல்லன்னா அந்தப் பக்கம் செத்த இடம்.

தரையில எப்படி நிக்குதுன்னும் பாருங்க. சாதா ஆறு முனை நட்டு போட்டு முடுக்கியிருந்தா, ஒரு ஸ்பேனரோட வர்றவன் ஸ்டாண்டைத் தூக்கி வச்சுட்டுப் பூட்டோட சைக்கிளைத் தள்ளிட்டுப் போயிடுவான். சரியான வழி, காலை 25-ல இருந்து 30 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்குள்ள இறக்கி, அடியில ஒரு குறுக்குக் கம்பி பத்தவைக்கிறது. கான்கிரீட் தளம் ஏற்கெனவே போட்டாச்சுன்னா, முறுக்கி முடிச்சதும் தலை தானா ஒடிஞ்சு விழுற நட்டு இருக்கு, அதைப் போடணும்.

இன்னொரு தந்திரம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிடிச்சதுன்னா திருட்டை இல்லீங்க, அந்தப் பொறுமையை! முந்தின நாளே வந்து குழாயை ரம்பத்தால அறுத்துட்டு, மேல ஒரு ஸ்டிக்கரோ டேப்போ சுத்திட்டுப் போயிடுவான். பூட்டுறதுக்கு ஒருத்தர் வர்ற வரைக்கும் காத்திருப்பான். அதனால பூட்டுறதுக்கு முன்னாடி ஸ்டாண்டைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குங்க. ஸ்டிக்கர் இருந்தா விரலால தடவிப் பாருங்க.

[திரையில்: ரெண்டு அடுக்கு ரேக். மேல் அடுக்கு முழுக்கக் காலி.]

சரி, ஒரு கணக்கு. 225 சைக்கிளுக்கு 113 ஸ்டாண்டு. ஒரு மீட்டருக்கு ஒண்ணுன்னா 113 மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் ஆழம், அதுக்கு மேல நடக்க வழி. லண்டன்ல அந்த இடத்துல நாலு ரூம் கட்டி வாடகைக்கு விடலாமேன்னு கட்டுறவருக்குக் கை அரிக்கும். உடனே ரெண்டு அடுக்கு ரேக். 40 சென்டிமீட்டருக்கு மேலயும் கீழயுமா ரெண்டு வண்டி, மீட்டருக்கு அஞ்சு. 113 மீட்டர் 45 ஆயிடுச்சு!

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூரை 2.6 மீட்டருக்குக் குறையக் கூடாது, மேல் தட்டை இழுத்து இறக்குறதுக்கு எதிர்ல இரண்டரை மீட்டர் வழி வேணும். எலக்ட்ரிக் சைக்கிள் 20, 25 கிலோ வரும். தூக்கி ஏத்த கேஸ் ஸ்பிரிங் உதவி இல்லாத ரேக்னா மேல் அடுக்கு வருஷம் முழுக்கக் காலியாவே கிடக்கும், கீழ வண்டிக மேல வண்டி ஏறிக் கிடக்கும். பூட்டுற கம்பியும் பல ரேக்ல எட்டாத தூரத்துல இருக்கு. சின்னப் பூட்டு அங்க போய்ச் சேராது. என் கருத்து: ரெண்டு அடுக்கு போடுங்க, தப்பில்ல, ஆனா மூணுல ஒரு பங்காவது தரை மட்ட ஷெஃபீல்டு ஸ்டாண்டா இருக்கணும். அந்த 12 பெரிய வண்டி இடமும் அங்கதான் வரணும்.

[திரையில்: ஒரு கதவு, அதுல பட்டன் பூட்டு. நாலு பட்டன் மட்டும் தேஞ்சிருக்கு.]

இப்போ தலைப்புக்கு வர்றேன். உள்ள எல்லாமே சரியா இருக்கு, கதவும் பூட்டியிருக்கு. எப்படிப் போச்சு?

ஒரே அறை, ஒரே கதவு, ஒரே ரகசிய எண். 225 பேருக்குத் தெரிஞ்சா அது என்ன ரகசியம்? போன வருஷம் காலி பண்ணினவங்களுக்கும் தெரியும், சாப்பாடு கொண்டு வர்றவருக்கும் தெரியும். அதுகூடத் தேவையில்ல, அந்தப் பட்டனைப் பாருங்க. நாலு மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கா? பேட்டரி இல்லாத இயந்திர வகைப் பூட்டு பலதுல எண்ணை எந்த வரிசையில அழுத்தினாலும் திறக்கும். தேஞ்ச பட்டனை எல்லாம் அழுத்திட்டுக் குமிழைத் திருப்பினா, உள்ள வாங்க அண்ணே!

அதனால ஆளுக்கொரு மின் சாவி கொடுக்கணும். ரூம் காலி பண்ற அன்னைக்கே அந்தச் சாவியை முடக்கிடலாம், யார் எப்போ வந்தாங்கன்னு பதிவும் இருக்கும். ஒரே பெரிய அறையா வைக்காம, 40, 50 வண்டிக்கு ஒரு கூண்டுன்னு பிரிச்சிடுங்க. ஒரு கூண்டு போனாலும் மத்தது நிக்கும். முகம் தெரிஞ்ச நாப்பது பேருக்கு நடுவுல அந்நியன் வந்தா கண்ணுக்குப் படும்.

கதவைப் பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல. ஒரு கையில ஹேண்டில்பார், ஒரு கையில பை, தானா மூடுற கனமான கதவு முழங்காலை அடிக்குது. ரெண்டாவது நாளே யாரோ ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துடுவாங்க. சோம்பேறின்னு மாணவரைத் திட்டாதீங்க, கதவைத் திட்டுங்க. 1.2 மீட்டர் அகலமும், திறந்ததும் சில வினாடி தானா நிக்குற வசதியும் இருந்தா செங்கல்லுக்கு வேலையே இல்ல. கேமரா வச்சா சைக்கிள் கூட்டத்தைப் பார்த்து வைக்காதீங்க, கதவுல நுழையுற முகத்தைப் பார்த்து வைங்க. தொப்பி போட்ட உச்சந்தலையை வச்சு யாரைப் பிடிக்கிறது?

கூண்டுக் கம்பிக்கு 358-னு ஒரு வலை இருக்கு. இதை நான் விடவே மாட்டேன். துளை 3 அங்குல நீளம், அரை அங்குல (0.5) உயரம், கம்பியோட தடிமன் 8 கேஜ். அந்த மூணையும் சேர்த்ததுதான் 3-5-8! துளை அரை அங்குலம்தான்ங்கிறதால விரலும் நுழையாது, ஷூ முனையும் நுழையாது, போல்ட் கட்டரோட வாயும் நுழையாது. ஏறவும் முடியாது, வெட்டவும் முடியாது, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய இருந்து கொஞ்சம் தெரியும். தோட்டத்துக்குப் போடுற சாதா வைர வலையைக் குறடால அறுத்துடலாம்.

நிறைய ஸ்டாண்டு போட்டா பாதுகாப்புன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு ஊர். கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்துல 2016-ல கிட்டத்தட்ட 2,850 சைக்கிளுக்கு மூணு மாடி நிறுத்தம் திறந்தாங்க. யார் வேணா உள்ள போகலாம். அது திருட்டுக்குப் பேர் போன இடமா ஆயிடுச்சு. நெதர்லாந்து உத்ரெக்ட் ரயில் நிலையத்துல 2019-ல 12,500 சைக்கிளுக்கு முழுசாக் கட்டி முடிச்சாங்க. முதல் 24 மணி நேரம் இலவசம், ஆனா உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் பதிவாகும், ஆள் இருக்காங்க. நம்ம ஊர் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டுல பாதி அட்டையை வண்டியில மாட்டிட்டுப் பாதியை நம்ம கையில கொடுப்பாரே, அதேதான் இது, கம்ப்யூட்டர் போட்டிருக்கு.

[திரையில்: பின்சக்கரம், நெருக்கமா. ஃப்ரேமோட பின் முக்கோணத்துக்குள்ள ஒரு குட்டிப் பூட்டு.]

மாணவர்களுக்கு ஒரே ஒரு பாடம். கேபிள் பூட்டு வேண்டவே வேண்டாம், போல்ட் கட்டருக்கு அது நூல்கண்டு. பின்சக்கரத்துல வளையப் பூட்டு போட்டுப் பழகினவங்களே, அது கடைவாசல்ல அஞ்சு நிமிஷத்துக்குச் சரி, ராத்திரிக்கு ஆகாது, வண்டியைத் தூக்கிட்டே போயிடுவாங்க. அங்க டி லாக்னு சொல்ற யு வடிவப் பூட்டு வாங்குங்க. சோல்டு செக்யூர்ங்கிற அமைப்பு பூட்டுகளைத் தாக்கிப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம்னு தரம் போடுது. தங்கத்துக்குக் கீழ இறங்காதீங்க. இரும்பு அறுக்கிற பேட்டரி கிரைண்டர் முன்னாடி சாதாரண டி லாக் ஒரு நிமிஷம்தான் தாங்கும். அந்த ஒரு நிமிஷச் சத்தத்துக்கு அவன் பயப்படணும், அதுக்குத்தான் கதவும் கூண்டும்.

எங்க மாட்டுறது? ஷெல்டன் பிரவுன்னு ஒரு அமெரிக்க மெக்கானிக் பரப்பின முறை இருக்கு, அபாரம்! பூட்டைப் பின்சக்கர ரிம்முக்கும் ஸ்டாண்டுக்கும் மட்டும் போடுறது. ஃப்ரேமைத் தொடவே வேணாம். ஆனா பூட்டு, பின்சக்கரத்தைத் தாங்குற ஃப்ரேம் குழாய்களோட பின் முக்கோணத்துக்குள்ள இருக்கணும். சக்கரம் அந்த முக்கோணத்தைத் தாண்டி வெளிய வராது, அதனால ஃப்ரேமும் மாட்டிக்கிச்சு! ரிம்மை அறுத்துட்டாங்கன்னா? டயர் ஓரத்துல பெரும்பாலும் எஃகுக் கம்பி ஓடுது, ரிம்மோ ஸ்போக்குகளோட இழுப்புல இறுகிக் கிடக்கு. பாதி அறுக்கிறப்பவே வாய் மூடிக்கிட்டு ரம்பத்தைக் கவ்விக்கும். கிரைண்டர் வச்சா அறுக்கலாம்தான், ஆனா கையில கிடைக்கிறது பின்சக்கரம் போன சைக்கிள். பூட்டு சின்னதா இருக்கிறது இன்னும் நல்லது, நெம்பு கம்பி நுழைய இடமே இருக்காது. சாவித் துளை கீழ்ப் பக்கம் பார்க்கட்டும். பூட்டு தரையில படாம இருக்கட்டும், தரைதான் சுத்தியலுக்குப் பட்டறைக்கல். முன்சக்கரத்துல குயிக் ரிலீஸ் இருந்தா கழட்டி எறிஞ்சுட்டு, தனிச் சாவியில திறக்கிற திருகு போடுங்க.

[திரையில்: தூசி படிஞ்ச சைக்கிள். ஹேண்டில்பார்ல ஒரு மஞ்சள் சீட்டு.]

ஜூன்ல ஊருக்குப் போறவங்க விட்டுட்டுப் போற வண்டி தனித் தலைவலி. காத்து இறங்கி, செயின் துருப்பிடிச்சு, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். நினைச்ச மாத்திரத்துல வெட்டி எறிய முடியாது, அடுத்தவன் பொருளை விக்கிறதுக்கு 1977-ம் வருஷச் சட்டம் ஒண்ணு முன்னறிவிப்பு கேட்குது. அதனால சீட்டுக் கட்டணும், போட்டோ எடுக்கணும், கெடு கொடுக்கணும், அப்புறம்தான் அப்புறப்படுத்தணும். கேம்பிரிட்ஜ் கல்லூரிகள்ல ஒவ்வொரு வண்டிக்கும் கல்லூரி எழுத்தும் எண்ணும் போட வைக்கிறாங்க. அநாதை வண்டி எதுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியை ரூம்ல சார்ஜ் போட நிறைய விடுதிகள்ல தடை. தீ பிடிச்சா தப்பிக்கிற வழியை அடைக்கும்னு நடைபாதையில வண்டி வைக்கவும் விட மாட்டாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க.

வண்டி வாங்கின அன்னைக்கே கவுத்துப் போட்டு, பெடல் அச்சுக்கு அடியில பொறிச்சிருக்கிற ஃப்ரேம் எண்ணைப் போட்டோ எடுத்து, பைக் ரெஜிஸ்டர்ல பதிஞ்சிடுங்க. போலீஸ் தேடுற பட்டியல் அது. பூட்டு வாங்கின ரசீதும் பத்திரம், பல காப்பீட்டுக்காரங்க முதல்ல கேட்கிறதே பூட்டு எந்தத் தரம்ங்கிறதைத்தான்.

உங்க விடுதி சைக்கிள் ஷெட்ல பட்டன் பூட்டு இருந்தா, எத்தனை பட்டன் தேஞ்சிருக்குன்னு கமென்ட்ல சொல்லுங்க. எந்தப் பட்டன்னு மட்டும் சொல்லிடாதீங்க!