சித்திரைக்கு ஒரு சாண் தெற்கே

நண்பர்களே, மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவாக்கில் நம் ஊர் மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து நின்றால், உயரத்தில் சித்திரை நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். கையை முழுசாக நீட்டி, அதற்குக் கீழே ஒரு சாண் அளந்துகொள்ளுங்கள். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் பைனாகுலர் வைத்துப் பார்த்தால் மட்டும் ஊதி அணைத்த திரியின் புகைபோல ஒரு திட்டு. எம் 83 என்ற சுருள் கேலக்ஸி அது, நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு பெரும் நட்சத்திரக் கூட்டம். அந்த வெளிச்சம் புறப்பட்டு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருடங்கள் ஆகின்றன.

முதலில் பார்த்தவர் லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர். 1752-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், அரை அங்குலக் கண்ணாடி வைத்த சின்னஞ்சிறு தொலைநோக்கியில் பார்த்தார். அரை அங்குலம் என்றால் நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது! 1781-இல் மெசியே என்ற இன்னொரு பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து பார்த்தார். அங்கே அது அடிவானத்தை ஒட்டியே போய்விடும், சிரமப்பட்டுத்தான் கண்டார். நமக்கோ பாதி வானம் வரை ஏறி வருகிறது. இந்தக் கொடுப்பினையை நாம் உணர்வதே இல்லை.

மெசியே ஏன் அதைக் குறித்து வைத்தார்? அவர் தேடியது வால்நட்சத்திரங்களை. வால்நட்சத்திரம் மாதிரி ஏமாற்றுகிறவற்றையெல்லாம் பட்டியல் போட்டார்; அதில் 83-ஆவது என்பதால்தான் இது எம் 83. அப்புறம் அதே மாதிரி தென்வானத்துக்கு ஒரு பட்டியல் போட்டவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவைச் சேர்ந்த ஜாக் பென்னட். அவர் ஓர் அரசு ஊழியர்; வானம் பார்ப்பது சொந்த ஆர்வம். இரவுக்கு இரவு அதே வானத்தைத் துழாவியதில் ஒவ்வொரு திட்டும் அவருக்கு மனப்பாடம். 1968 ஜூலை 16 அன்று 5 அங்குலத் தொலைநோக்கியில் எம் 83-ஐப் பார்க்கிறார். அதன் மையத்தருகே, இருக்கக் கூடாத ஒரு வெளிச்சம். நட்சத்திரம் ஒன்று வெடித்திருந்தது, சூப்பர்நோவா! புகைப்படமோ கணினியோ இல்லை, கண்ணும் ஞாபகமும்தான். அடுத்த ஆண்டே தன் பெயர் தாங்கிய பெரிய வால்நட்சத்திரத்தையும் கண்டுபிடித்தார். ஆனாலும் எனக்கு அந்த ஜூலை இரவுதான் பெரிது.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் எம் 83-இல் ஆறு சூப்பர்நோவாக்கள் பதிவாகியுள்ளன. நம் பால்வீதியில் கண்ணால் கண்ட கடைசி வெடிப்பு 1604-இல். எம் 83-இல் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கின்றன. பெரியவை சீக்கிரமே வெடிக்கின்றன. தட்டை நிமிர்த்திக் காட்டியதுபோல அது முழுமுகமாக நம் பக்கம் திரும்பியும் இருக்கிறது. நாமோ நம் பால்வீதியின் தூசிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம், இங்கே வெடிப்பவை அந்தத் தூசியில் மறைந்துவிடுகின்றன.

சரி, மாடிக்குப் போகலாம். விளக்குகளை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். பைனாகுலரைக் குழந்தைகளிடம் முதலில் கொடுங்கள்.