பன்ட் உருளும்போது கேட்சர் என்ன செய்கிறாள்?

(சாஃப்ட்பாலில் மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களுக்கான பயிற்சி முகாமின் தொடக்க நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கான நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பொருளாளர் அவர்களே, வெயிலில் நின்று நின்று நிறம் மாறிப்போன நடுவர் பெருமக்களே, பயிற்றுநர்களே, பெற்றோர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த முகாமுக்கு வந்திருக்கும் கேட்சர் பிள்ளைகளே, வணக்கம். யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டு, ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

தலைவர் அவர்கள் ஒலிம்பிக்கைப் பற்றி அருமையாகச் சொன்னார். 2008 பெய்ஜிங்கோடு சாஃப்ட்பாலை வெளியே தள்ளினார்கள். பிறகு டோக்கியோவில், 2021இல்தான் திரும்ப வந்தது. இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 2-0 என்று அமெரிக்காவை வென்றது. 2028இலும் இருக்கிறது. எல்லாம் மகிழ்ச்சி. ஆனால் ஒலிம்பிக் வரை போகிற பாதை மட்டை பிடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் பத்தடி மண்ணில்தான் தொடங்குகிறது. மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்துப் பந்தை மெதுவாக உருட்டிவிடுகிறார்களே, அந்த பன்ட் வந்து விழுகிற பத்தடி. அந்தப் பத்தடியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

ஐந்து விஷயங்கள் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கேட்சர் எப்படி எழுவது, பந்தை எப்படி அள்ளுவது, எப்படி எறிவது, பேஸில் ஏற்கெனவே ஓடிவந்து நிற்கும் ரன்னர் இருந்தால் யாரை அவுட் ஆக்குவது, பன்ட் மேலே எழும்பிவிட்டால் என்ன செய்வது. ஐந்துக்கும் பொதுவாக என் பாட்டி சொன்ன ஒரு பழமொழி உண்டு: பதறாத காரியம் சிதறாது. பாட்டிக்கு சாஃப்ட்பால் தெரியாது. ஆனால் கேட்சருக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். பந்தை அடித்தவள் முதலில் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ், ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி. பேஸ்பாலில் அது 90 அடி. அதனால்தான் சாஃப்ட்பாலில் பன்ட் இவ்வளவு பெரிய ஆயுதம். நல்ல வேகமுள்ள பெண் ஏறத்தாழ மூன்று வினாடியில் முதல் பேஸைத் தொட்டுவிடுவாள். மூன்று வினாடி என்றதும் கேட்சருக்குக் கை நடுங்குகிறது. ஆனால் பத்தடி தூரத்தில் கிடக்கும் பந்தை எடுத்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தாலே, பந்து முதல் பேஸுக்குப் போய்ச்சேர ஒரு வினாடிகூட ஆகாது. மீதி இரண்டு வினாடி உங்களுடையது. எழ, ஓட, அள்ள, காலைத் திருப்ப அது போதும். ஒரு தடவை பந்தை நழுவவிட்டுத் திரும்ப எடுக்கத்தான் அதில் இடமில்லை.

சரி, எழுவது. எதிரணிக்காரி மட்டையைக் குறுக்கே பிடித்துக் காட்டியதுமே உங்கள் எடை முன்பாதத்துக்கு வந்துவிட வேண்டும். இடுப்பு ஒரு சாண் உயரலாம். அதற்கு மேல் அவசரப்பட்டுப் பாயக் கூடாது. பந்து மட்டையில் படுவதற்கு முன்னால் பாய்ந்து, உங்கள் கிளவுஸ் மட்டையைத் தட்டினால் அவளுக்கு முதல் பேஸை நீங்களே கொடுத்தனுப்புகிறீர்கள். இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு, அதாவது மூன்றாவதில் அவுட் என்ற நிலையில், பன்ட் கோட்டுக்கு வெளியே போனால் அவள் அவுட், அதனால் அப்போது பெரும்பாலும் யாரும் துணிய மாட்டார்கள். ஆனாலும் பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். செயலாளர் சிரிக்கிறார், அவருக்குத் தெரிந்த கதைதான்.

எங்கள் அணியில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்சர். பெயர் சொல்ல மாட்டேன். கடைசி இன்னிங்ஸ், அதாவது ஏழாவது. நாங்கள் ஒரு ரன் முன்னிலை. எதிரணிக்கு முதல் பேஸில் ஒரு ரன்னர், ஒருவர்கூட அவுட் இல்லை. அடுத்தது பன்ட்தான் என்பது தண்ணீர் பாட்டில் எடுத்துவரும் பையனுக்குக்கூடத் தெரியும். வந்தது. முதல் பேஸ் கோட்டை ஒட்டி, மெதுவாக, நமக்காகவே உருட்டிவிட்டதைப் போல ஒரு பந்து. என் பிள்ளை எழுந்தாள். முகத்தில் மாட்டியிருந்த கம்பி மாஸ்க்கைக் கழற்றி வீசினாள். எங்கே வீசினாள்? தான் ஓட வேண்டிய வழியிலேயே வீசினாள். பந்து எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் வீசு என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இனி லெக் கார்டு, காலில் கட்டும் கவசம். அது கிளப்பின் சொத்து, பதிவேட்டில் இருக்கிறது. ஆறடி உயர ஆள் ஒருவருக்காக என்றோ வாங்கியது. வாரைக் கடைசி ஓட்டை வரை இழுத்து, அதற்கு மேல் கயிறு கட்டியிருந்தோம். இரண்டாவது எட்டில் இடது கால் கார்டு சுழன்று கெண்டைக்காலுக்குப் போய்விட்டது. மூன்றாவது எட்டில் வலது கால் நேராக மாஸ்க்குக்குள் நுழைந்தது. நுழைந்தது வெளியே வரவில்லை. டக், டக், டக் என்று மாஸ்க்கைச் செருப்பாகப் போட்டுக்கொண்டு நான்கு எட்டு ஓடினாள். பந்துக்குப் பக்கத்தில் விழுந்தாள். பந்து அசையாமல் அவள் மூக்குக்கு எதிரே நிற்கிறது. நான் வெளியிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன்: எறி! எறி! எறி!

எறிந்தாள், முட்டி போட்டபடியே. பந்து எங்கள் முதல் பேஸ் பிள்ளையின் தலைக்கு மேலே போய் வேலியில் அடித்தது. ரைட் ஃபீல்டர் அதைத் தடுக்க ஓடிவந்திருக்க வேண்டும். அவள் மாஸ்க் வேடிக்கையைப் பார்த்து நின்றுவிட்டாள். ரன்னரும் பன்ட் அடித்தவளும் இரண்டு பேருமே ஹோம் பிளேட்டைத் தொட்டார்கள், இரண்டு ரன். ஆட்டம் முடிந்தது. நடுவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பிள்ளை மாஸ்க் மாட்டிய காலோடு என்னிடம் வந்தாள். அழவில்லை. "சார், எறின்னு சொன்னீங்க. எங்கேன்னு சொல்லலையே?" என்று கேட்டாள்.

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அந்த மைதானத்தில் முதலில் பதறியவனும் நானே. ஆனால் முக்கால் பங்கு பழி அந்த லெக் கார்டுக்கு. அவளுக்குப் பொருந்தும் ஒரு ஜோடி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாவது, அள்ளுவது. உருண்டுகொண்டிருக்கும் பந்துக்கு முன்னால் கிளவுஸை மண்ணில் வைத்து, மறுகையால் பந்தை உள்ளே தள்ள வேண்டும். குப்பையைக் கூட்டி முறத்தில் ஏற்றுவதைப் போல. நின்றுவிட்ட பந்தென்றால் வெறும் கை போதும், ஆனால் மேலிருந்து மண்ணோடு சேர்த்து அழுத்தி எடுக்க வேண்டும். விரல் நுனியால் கிள்ளினால் நழுவும். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, சிறு கைக்குள் அடங்காது. இதை மென்பந்து என்று மொழிபெயர்த்தவர் ஒரு நாளாவது வெறும் கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். 1887இல் சிகாகோவில் ஒரு கூடத்துக்குள் இந்த ஆட்டம் பிறந்தபோது சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கிளவுஸை வைத்து ஆடினார்களாம், அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் சரி.

பந்து கையில் ஏறும்வரை ரன்னரைப் பார்க்கவே கூடாது. அவள் எங்கே ஓடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும், முதல் பேஸுக்குத்தான்.

மூன்றாவது, எறிவது. கை எறிவதற்கு முன்னால் கால் எறிந்துவிடுகிறது. வலக்கைப் பிள்ளைகள் பந்தை அள்ளும்போதே இடது தோள் முதல் பேஸைப் பார்த்திருக்கும்படி காலை வைக்க வேண்டும். முதல் பேஸ் கோட்டை ஒட்டிய பன்ட் என்றால் அள்ளியதும் மைதானத்துக்கு உள்பக்கமாக ஓர் எட்டு விலகுங்கள். விலகாமல் எறிந்தால் ஓடுகிறவளின் முதுகில்தான் படும். கோட்டின் பின்பாதி 30 அடிக்கு வெளிப்பக்கமாக மூன்றடி அகலத்தில் அவளுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. அதை விட்டு உள்ளே ஓடி, பந்தைப் பிடிப்பவளுக்கு இடைஞ்சல் செய்தால் அவள் அவுட். அதற்காக நடுவரை நம்பி எறியாதீர்கள். நடுவர் பெருமக்கள் மன்னிக்க வேண்டும்.

மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டிய பன்ட்தான் கடினம். நேரமிருந்தால் பந்தைச் சுற்றிப் போய் முதல் பேஸைப் பார்த்து நில்லுங்கள். நேரமில்லையென்றால் உள்மைதானத்துக்கு முதுகைக் காட்டி அள்ளி, கிளவுஸ் கைப் பக்கமாகவே சுழன்று எறிய வேண்டும். சுழலும்போது ஒரு கணம் எதுவும் தெரியாது. தெரிந்த பிறகு எறியுங்கள். பேஸில் நிற்பது பெரும்பாலும் செகண்ட் பேஸ் பிள்ளையாக இருக்கும், முதல் பேஸ்காரி பன்ட்டைப் பார்த்து முன்னே ஓடிவந்திருப்பாள். ஓடிவந்து பேஸை மிதிப்பவளுக்கு நெஞ்சு உயரத்தில் கொடுங்கள்.

இந்தச் சுழற்சியை நீளமான லெக் கார்டோடு செய்து பாருங்கள். முழங்கால் மடங்காது. மடங்காத முழங்காலோடு யாரும் குனிய முடியாது, குனியாமல் யாரும் பன்ட்டை எடுக்க முடியாது. செஸ்ட் கார்டு மடி வரை தொங்கினால் எறிகிற தோள் உயராது. ஆடுகிற மாஸ்க் என்றால் பந்து கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கழற்றாமலே ஓடும்படி தலையோடு பொருந்தும் ஹெல்மெட் மாஸ்க் இப்போது இருக்கிறது, அதிலும் அளவு சரியாக இருக்க வேண்டும். நாமோ கோப்பைக்குச் செலவு செய்கிறோம், பேனருக்குச் செலவு செய்கிறோம், மேடைக்கு, மைக்குக்கு, இதோ இந்த மாலைக்கும்கூட. ஒரு முழு அணியில் முட்டி போட்டுக்கொண்டே ஆட்டம் முழுக்கப் பந்தை வாங்குகிற ஒரே ஒருத்திக்கு மட்டும் யாரோ போட்டுக் கழித்ததைக் கொடுக்கிறோம்.

தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுவிடுகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் உபகரணங்களைப் பார்க்கிறார்கள். உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பொருந்துகிறதா என்றும் பார்க்கட்டும். பொருந்தாத கார்டோடு கேட்சரை இறக்கும் அணிக்கு நம் போட்டிகளில் இடமில்லை என்று ஒரு விதி வரட்டும். முதலில் எங்கள் அணியையே நிறுத்துங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பதறாத காரியம் சிதறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அப்போதுதான் வாய் வரும்.

மணி அடித்துவிட்டார்கள். நான்காவதும் ஐந்தாவதும் பாக்கி. யாரை அவுட் ஆக்குவது என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை: மைதானம் முழுவதையும் பார்த்து உட்கார்ந்திருப்பவள் கேட்சர் ஒருத்திதான். பந்தை வேறு யாராவது எடுத்தாலும் எந்த பேஸ் என்று கத்த வேண்டியது அவள். ஐந்தாவதை நாளை காலை மைதானத்தில் காட்டுகிறேன்.

அப்புறம் ஓர் அறிவிப்பு. வாசலில் எங்கள் மேலாளர் அளவு நாடாவோடு உட்கார்ந்திருக்கிறார். கேட்சர் பிள்ளைகள் யாரும் அளவு கொடுக்காமல் போகக் கூடாது. முழங்கால் சிப்பியின் நடுவிலிருந்து கணுக்கால் மடிப்பு வரை ஒன்று, தொண்டைக் குழியிலிருந்து தொப்புள் வரை ஒன்று, தலைச் சுற்றளவு ஒன்று. மாஸ்க்கைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடிய பிள்ளை இன்று மூன்றாவது வரிசையில் பயிற்றுநராக உட்கார்ந்திருக்கிறாள். அளவு எழுதுகிற நோட்டு அவளிடம் இருக்கிறது.