ஊர்ப் பெயரைச் சொல்லி உள்ளே வருவோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் பேசி முடித்த அண்ணாச்சிக்கும் தம்பிக்கும், வேலை முடிந்த கையோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கல்லூரியில் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், பிள்ளைகள் தங்கள் அடையாளத்தை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டுமா, அடையாளத்தோடு உள்ளே வரவேண்டுமா? இதுதான் இன்றைய தலைப்பு. விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று அண்ணாச்சி பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். "தாமிரபரணியில் எத்தனை ஓடை, எத்தனை ஆறு வந்து கலக்கிறது! கலந்த பிறகு எது எந்தத் தண்ணீர் என்று யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன்.

சரி, அந்த ஆற்றிலேயே இறங்குவோம். சீவலப்பேரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கேதான் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிறது. குற்றாலத்தில் விழுந்து, தென்காசியைத் தாண்டி, வழியில் இருக்கிற குளங்களையெல்லாம் நிரப்பிவிட்டு வருகிற ஆறு அது. உன் குற்றாலத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வா, அப்புறம் சேர்த்துக்கொள்கிறேன் என்று தாமிரபரணி அதனிடம் சொன்னதா? கொட்டிவிட்டு வந்தால் சேர்வதற்கு என்ன இருக்கும்? வெறும் மணல்தான் இருக்கும்.

அண்ணாச்சி சொல்கிற வழியை நம் மண்ணிலேயே ஒருமுறை நடந்து பார்த்தாகிவிட்டது. இங்கிருந்து மேற்கே போனால் சேரன்மகாதேவி. 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு குருகுலம் நடத்தினார். விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்த மனிதர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவர் தமிழ்ப்பற்றில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. தேசியக் கல்வி என்பதால் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, 5,000 ரூபாயைக் கொடுத்தும்விட்டது. வெளியே எல்லோரும் ஒரே தேசத்துப் பிள்ளைகள் என்ற பேச்சு. உள்ளே, சாப்பாட்டு நேரத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி.

இது வெளியே வந்தது எப்படித் தெரியுமா? அங்கே படித்த ஒரு பையன் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னான். பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்தான் அந்த அப்பா. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான வரதராஜுலு நாயுடு கேள்வி கேட்டார், பெரியார் கேள்வி கேட்டார், விஷயம் காந்தி வரை போனது, காங்கிரஸே ஆடியது. 1925 ஜூனில், பாபநாசத்தில் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கும்.

ஆனால் அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். தான் யார் என்பதை வாசலிலேயே விட்டிருந்தால், நாம் எல்லோரும் மாணவர்கள்தானே என்று பேசாமல் சாப்பிட்டு எழுந்திருப்பான். பந்தி இரண்டாகவே நடந்திருக்கும். அடையாளத்தை விட்டு வா என்பது எல்லோருக்கும் சொன்ன பேச்சு. உண்மையில் விட்டு வந்தவர்கள் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மட்டும். இன்னொரு பக்கத்துப் பிள்ளைக்கு அவன் அடையாளம் உள்ளே இலை போட்டுக் காத்திருந்தது.

நம் பக்கத்தில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் முதலில் கேட்பது, "எந்த ஊரு?" அதில் தப்பே இல்லை. பாசத்தில் கேட்பதுதான். அடுத்த கேள்வியில்தான் கத்தி இருக்கிறது. "ஊர்ல எந்தத் தெரு?" குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிடப் போகிற பங்குனி உத்திரம் நெருங்கினால், "உங்களுக்கு எந்த சாஸ்தா?" ஒரே சாஸ்தாவைப் பல சாதிக்காரர்களும் கும்பிடுகிறோம்; பிரிவு சாஸ்தாவிடம் இல்லை, கேட்கிறவர் மனதில் இருக்கிறது.

நான் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றியவள். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும் நூலும். ஆயிரம் பீடி கணக்குக் கொடுத்தால்தான் கூலி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சேர்ந்த முதல் மாதம், ஒருநாள் ஒருவர் கையில் பட்டியலோடு வகுப்புக்கு வந்தார். "ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்றார். ஐந்து பேர் எழுந்தோம். மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயரை எழுதிக்கொண்டு போக அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. எனக்கு மூன்று வருஷம் ஆனது.

ஏனென்றால் அன்றைக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். அண்ணாச்சி இன்றைக்குச் சொன்னாரே, அதே முடிவு. அடையாளத்தை வாசலில் விட்டுவிட்டேன். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் யார் கேட்டாலும், "டவுன்" என்றேன். டவுனில் எங்கே என்றால், "வாகையடி முக்குப் பக்கம்" என்றேன். துணியில் புகையிலை வாடை இருக்குமோ என்று பயந்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டேன். தோழி ஒருத்தி அக்கா கல்யாணத்துக்கு அன்பாகக் கூப்பிட்டாள். போகவில்லை. போனால் ஒருநாள் அவளை நம் வீட்டுக்குக் கூப்பிட வேண்டி வருமே என்ற பயம்.

பட்டமளிப்பு விழா வந்தது. அம்மா அதற்காகப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தாள். "வெளியாட்களை உள்ள விடமாட்டாங்கம்மா" என்று பொய் சொன்னேன். "சரிம்மா, போட்டோ பிடிச்சிட்டு வா" என்றாள். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் நான் மட்டும் நிற்கிறேன்.

நடுவர் ஐயா, அந்த மூன்று வருஷம் நான் எல்லோரோடும் கலந்திருந்தேன் என்றுதான் வெளியே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரே பெஞ்சு, ஒரே கேன்டீன், ஒரே சிரிப்பு. ஆனால் முக்கூடல் பிள்ளையை அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒருத்தியை எப்படிச் சேர்த்துக்கொள்ள முடியும்?

தம்பி உடனே கேட்பார்: உங்களை எழுப்பி நிறுத்தியதால்தானே இவ்வளவும்? அடையாளமே வேண்டாம் என்றிருந்தால் அந்த வலியே இருந்திருக்காதே? இல்லை தம்பி. பட்டியலில் என் பெயர் இருந்ததால்தான் எனக்கு உதவித்தொகை வந்தது. நான் யார் என்று அரசுக்குத் தெரிந்திராவிட்டால், அன்றைக்கு அம்மா பக்கத்தில் இன்னொரு சுளகோடு உட்கார்ந்திருப்பேன். என் தெரு எனக்கு வலிக்கவில்லை. அலுவலகத்தில் கூப்பிட்டு முடிக்க வேண்டிய வேலையை வகுப்பு நடுவில் நிறுத்தி முடித்தார்களே, அதுதான் வலித்தது.

தம்பி கயிற்றைப் பற்றியும் பேசினார். கையில் கட்டுகிற சாதிக் கயிறு. அதை அவிழ்க்க வேண்டும் என்பதில் நான் அவர் கட்சிதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதியின் பேரால் வெட்டியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் அந்தக் கயிறு கூடாது என்றது. மிகச் சரி. நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், நீ ஒதுங்கிப் போ என்று மிரட்டத்தான் அந்தக் கயிறு. முக்கூடல் என்று நான் சொன்னால் அதில் யாருக்கு மிரட்டல் இருக்கிறது? இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்குநேரிப் பையன் கயிறு கட்டியதற்காகவா வெட்டுப்பட்டான்? தனக்கு நடப்பதைப் பள்ளியில் சொன்னதற்காக வெட்டுப்பட்டான். கூடப் படித்தவர்களே வீடு தேடிப் போனார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. சேரன்மகாதேவிப் பையன் அப்பாவிடம் சொன்னான், இவன் ஆசிரியரிடம் சொன்னான். கிட்டத்தட்ட நூறு வருஷ இடைவெளி. சொல்கிற பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை. நீ யாரென்பதை மறந்துவிடு என்று அவனிடமே போய்ச் சொல்வது என்ன நியாயம்? கல்லூரிகளில் சமவாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012லேயே விதி போட்டிருக்கிறது. இந்த அரங்கில் இருக்கிற மாணவர்களே, உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், எந்த அறையில் இருப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? நாளைக்குப் போய்க் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் நின்று பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடத்துகிற ஊர் இது. அங்கே படித்துக் கல்லூரிக்கு வருகிற ஒரு பிள்ளை வாசலில் எதை விட்டுவிட்டு வரவேண்டும்? வெள்ளைக் கோலையா? 2016ஆம் வருஷத்துச் சட்டப்படி, அரசு கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. இடம் கிடைத்துவிடும். வகுப்பு? நான் கல்லூரி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், போர்டில் எழுதிவிட்டு, "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்று விரலால் காட்டிக்கொண்டே போவேன். முதல் வரிசையில் இருந்த பார்வையில்லாத மாணவி ஒருநாள் எழுந்து, "மேடம், இதுன்னா எதுன்னு சொல்லுங்க" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. அன்றிலிருந்து எழுதுவதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கிறேன். அப்புறம் பார்த்தால், கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் நோட்டும் திருத்தமாக வர ஆரம்பித்தது. அவள் தன் பார்வையின்மையை உள்ளே கொண்டுவந்து என் முன்னால் வைத்ததால் எல்லோருக்கும் கிடைத்தது அது. மேலப்பாளையத்துப் பிள்ளை நோன்பு வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் செய்முறைத் தேர்வைக் காலையிலேயே வைத்துவிடலாம், அவ்வளவுதான் வேலை.

அடையாளத்தோடு வந்தால் பிரிவினைதான் வளரும் என்றார் அண்ணாச்சி. 1990இல் தொடங்கி, இப்போது அபிஷேகப்பட்டியில் இருக்கிற நம் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறது? மனோன்மணீயம் சுந்தரனார் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். அவர் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடித்தான் இந்த மன்றத்தையே தொடங்கினோம். ஆலப்புழையை மறைத்துக்கொண்டா அவர் நமக்குச் சொந்தமானார்?

இந்த வருஷம் முதலாண்டு வகுப்பில் நானும், "எந்த ஊரு?" என்றுதான் கேட்டேன். ஒரு பிள்ளை முக்கூடலுக்கும் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரைச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் கேட்டது, "எந்த பஸ்ல வாரே?" நிமிர்ந்து பார்த்தாள். "ஆறே முக்கால் பஸ் மேடம். அத விட்டா எட்டே கால்தான்." "காலைல சாப்பிட்டியா?" "இல்ல மேடம்." முதல் மணி நேரத்தில் அவளுக்கு வருகைப்பதிவு ஏன் குறைகிறது என்று ஒரு மாதமாக யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது முதல் மணி நேரத்தில் தேர்வு எதுவும் வைப்பதில்லை. அவளைப் போல இன்னும் நான்கு பேர் அதே பஸ்ஸில் வருகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையும் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறாள், பின்வரிசையில் இருக்கிறாள். அவள் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பதே காலுக்காம். அதற்கு முன்னால் தீர்ப்பைச் சொல்லிவிட்டீர்களென்றால், அவளும் கேட்டுவிட்டுப் போவாள். நன்றி, வணக்கம்.